பிடரிப் படம்

பிப்ரவரி 9

வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், அதைக் கேட்டு நான் அழுவேன், கடைசியில் எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்துபோகும். காகிதத்தில் அழுதாலும் எழுத்து நிற்கும். நான் ஐந்தாவதோடு நின்றவள். சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. நேராகக் கேட்கிறேன்.

நீ அனுப்பிய பென்டிரைவ் வந்தது. "அண்ணாவை வைத்து எடுத்த முதல் படம், உங்களுக்குத்தான் முதல் காப்பி" என்று எழுதியிருந்தாய். நானும் வேலை விட்டு வந்து, முகம் கழுவி, நல்ல உடுப்பாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். சிரிக்காதே. அவரைப் பார்க்கப் போகிறேன் இல்லையா. டி.வி.யில் எப்படிப் போடுவதென்று தெரியாமல் பிரேக்கைக் கூப்பிட்டேன். உன் அண்ணனோடு சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்தின மனுஷன், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார். உன் அண்ணன் அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை.

படம் தொடங்கியது. ஒரு பிடரி வந்தது. சட்டைக் காலர் வந்தது. ஒரு காது வந்தது. சரி, இப்போது திரும்புவார் என்று பார்த்தேன். வைப்பர் போனது, வந்தது. மறுபடியும் பிடரி. எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். நான் எழுந்துபோய் அடுப்படிக் குழாயை இறுக்கிவிட்டு வந்தேன். அப்போதும் சொட்டியது.

"அது படத்துல வர்ற சத்தங்க" என்றார் பிரேக்கு.

"கார் ஓட்டுற படத்துல எதுக்குங்க குழா சொட்டணும்?"

"கலைன்னு நெனைக்கிறேன்."

முடிகிற வரைக்கும் அவர் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பேசாமல் அரை மணி நேரம் உட்காரத் தெரியாத ஆளை ஊமையாக்கிவிட்டாய்.

ஏண்டி, பகல் முழுக்க அவர் பின்னால் உட்கார்ந்திருந்தாயே, ஒரே ஒரு தடவை முகத்தை எடுத்திருக்கக் கூடாதா? அவர் பிடரி எனக்குத் தெரியாதா? கல்யாணமானதிலிருந்து ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் அதைத்தான். காதுக்குக் கீழே இருக்கிற மச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன்.

என்னிடம் இல்லாதது முகம். கல்யாணப் போட்டோவில் யாரோ சட்டைக்குள் ஐஸ் கட்டி போட்ட மாதிரி நிற்கிறார். லைசென்ஸ் போட்டோவில் திருட்டு முழி. அவர் போனைத் திறந்தால் அடிபட்ட பம்பர், தேய்ந்த டயர், யாரோ இடித்த கேட். அசைகிற மாதிரி, சிரிக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

மழைக்காலத்தில் போனவர். இப்போது வெயில் வந்துவிட்டது. நேற்று ஃபாக்டரியில் பிஸ்கட் பெட்டி அடுக்கிக்கொண்டே யோசித்தேன். சிரிக்கும்போது மூக்கை ஒரு பக்கமாகச் சுருக்குவாரே, அது வலது பக்கமா, இடது பக்கமா? ஞாபகம் வரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது வாலு.

வெட்டிப் போட்ட மீதி இருக்கும் அல்லவா? அதில் முகம் இருந்தால் அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணி,

முதலில் குழாய்க்கு மன்னிப்பு. அந்தச் சொட்டுச் சத்தத்தைப் பதிவு செய்ய ஹாஸ்டல் குளியலறையில் நான் பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் திட்டின திட்டுக்கு அதுவே தனிப் படம்.

முகம் எடுக்கக் கூடாது என்பதுதான் பயிற்சி அண்ணி. ஒரு மனிதர், ஒரு இடம், முகமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். மேடம் முதல் வருடத்தில் எல்லாருக்கும் கொடுப்பது. வகுப்பில் பாதிப் பேர் கையை எடுத்தார்கள். ஒருத்தி மனிதரே வேண்டாம் என்று பக்கத்து வீட்டுப் பூனையை எடுத்தாள். பூனைக்கும் முகம் உண்டு என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். பிடரி எடுத்தது நான் ஒருத்திதான். "இந்த ஆளோட பொறுமை மொத்தமும் கழுத்துல தெரியுது" என்றார் மேடம். அன்றைக்கே அண்ணாவுக்குப் போன் போட்டேன். "கழுத்துக்கே இந்தக் கைதட்டுன்னா மூஞ்சியக் காட்டியிருந்தா மந்திரி ஆக்கியிருப்பாங்களேடி" என்றார்.

மீதி இல்லை அண்ணி. கேமரா கல்லூரியுடையது. திருப்பிக் கொடுத்த அன்றே அதிலிருப்பதை அழித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் எடுத்துவைத்துக்கொண்டது படத்துக்குத் தேவைப்பட்டதை மட்டும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இந்த ஒரு பத்தியை நாலு தடவை கிழித்து எழுதினேன்.

இன்னொன்று. இந்த வருடம் ஆவணப்படம். நிஜ மனிதர், நிஜ வேலை. முகம் காட்டலாம், பேசலாம், திட்டக்கூடச் செய்யலாம். நான் உங்களை எடுக்க ஆசைப்படுகிறேன். என்ன கதை என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள்தான் என்பது மட்டும் தெரியும். சரி என்று சொல்லுங்கள் அண்ணி.

உங்கள்
வாலு


பிப்ரவரி 26

வாலு,

உன் கடிதத்தைப் பேக்கிங் மேஜையில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் நிற்பவள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, லவ் லெட்டரா?" என்றாள். "நாத்தனார் லெட்டர்டி, அதவிடக் காரமா இருக்கும்" என்றேன்.

உன் படத்தை மறுபடியும் பார்த்தேன். பிரேக்கை நிறுத்தச் சொல்லி நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். கற்றுக்கொடுக்கிறவருக்கு என்று அந்த வண்டியில் தனியாக ஒரு கண்ணாடி உண்டே, பின்னால் வருகிறவனைப் பார்க்க, அவர் பக்கம் மேலே ஒட்டியது. பின் சீட்டிலிருந்து எடுத்தால் அதில் அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும். படத்தில் அந்த இடத்தில் வெள்ளையாக என்னமோ இருக்கிறது. "என்னங்க அது?" என்றேன். பிரேக்கு டி.வி.க்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "பேப்பர் ஒட்டியிருக்குங்க" என்றார். சொல்லிவிட்டுத் தரையை ஒரு மிதி மிதித்தார்.

கீழே போய் வண்டி மேல் போட்டிருந்த உறையைத் தூக்கினேன். அவர் போன பிறகு நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. கண்ணாடியில் நாலு மூலையிலும் டேப் ஒட்டிய பிசுபிசுப்பு அப்படியே இருக்கிறது.

நான் துணியை எடுத்துக்கொண்டு போனாலே, "அந்தக் கண்ணாடில கை வெக்காத, ஆங்கிள் போயிரும்" என்று கத்துவார். கட்டினவள் துடைக்கக் கூடாது, தங்கச்சி காகிதம் ஒட்டலாமா? உனக்கு எப்படி மனசு வந்தது? முகம் வேண்டாம் என்று மேடம் சொன்னால் கேமராவைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதுதானே?

சரி, முகம் போயிற்று. பேச்சு எங்கே? படத்தில் வேண்டாம் என்றாய். ஆனால் அவர் அன்றைக்குப் பேசாமலா இருந்தார்? நீ காதில் பெரிதாக ஒன்றை மாட்டிக்கொண்டு போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அதில் விழுந்ததெல்லாம் எங்கே?

என்னைப் படமெடுக்கிற பேச்சை இப்போது எடுக்காதே. அவர் முகத்தை மூடினவளுக்கு நான் முகம் காட்ட மாட்டேன்.

பிரேக்கு வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். யோசிக்கிறேன்.

அண்ணி


மார்ச் 8

அண்ணி,

திட்டுங்கள். எனக்குச் சின்ன வயதில் சடை பின்னிவிடும்போது வலிக்க வலிக்க இழுப்பீர்களே, கடிதம் படிக்கும்போது அதே வலி. ஆனால் அந்தக் காகிதத்தை நான் ஒட்டவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நான் எப்படி உட்கார்ந்தாலும் அந்தக் கண்ணாடியில் ஒரு பாதி அண்ணா முகமும் இன்னொரு பாதி என் கேமராவும் தெரிந்தது. பின் சீட்டில் முழங்காலில் நின்றுகொண்டு புலம்பினேன். அண்ணா முன்னால் திரும்பியபடியே, "என்னடி முனகல்?" என்றார். சொன்னேன். உடனே சட்டைப் பையிலிருந்து பெட்ரோல் போட்ட ரசீதை எடுத்துத் திருப்பி வைத்து, டேஷ்போர்டில் இருந்த டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டிவிட்டார். "போதுமா? என் மூஞ்சி தெரிஞ்சா படம் ஓடாதுன்னு எனக்கும் தெரியும், எடு" என்றார். உங்களைத் துடைக்க விடாத அதே கண்ணாடிதான் அண்ணி. நானும் அப்போது அதை நினைக்கவில்லை.

கண்ணாடி இல்லாமல் அன்று முழுக்க அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நீட்டிப் பின்னால் பார்த்தார். அப்போதெல்லாம் முகம் கேமராவில் விழுந்தது. விழுந்த இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து வெட்டினேன். நல்ல மாணவி.

சத்தம் இருக்கிறது. சத்தம் எடுக்கிற மிஷின் என் சொந்தம், கல்லூரியுடையது இல்லை. படத்துக்கு வேண்டாம் என்றாலும் சத்தம் எடுத்துவை என்பது மேடத்தின் சட்டம். நீங்கள் கேட்ட அன்றே அலமாரியைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைத்தது. முழுதாக இருக்கிறது.

காதில் மாட்டிக்கொண்டு போட்டேன். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், என் தங்கச்சி என்னை வெச்சு செய்றா" என்றார். அதோடு நிறுத்திவிட்டேன். அதற்குமேல் கேட்க என்னால் முடியவில்லை. அன்றைக்கு அவர் என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை அண்ணி. கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், காதில் மாட்டியிருந்தும் எதையும் கேட்கவில்லை.

பென்டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். ஸ்பீக்கரில் சொருகினால் பாடும். படம் எடுக்கிற பேச்சை எடுக்கவில்லை.

வாலு


மார்ச் 21

வாலுக்கு,

கண்ணாடி விஷயத்தில் உன்மேல் போட்ட கோபத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர்மேல் போட்டிருக்கிறேன்.

ஸ்பீக்கரை அடுப்படியில் வைத்துப் போட்டேன். மைக் டெஸ்டிங் முடிந்ததும் யாரையோ, "என்ன சார், ரெடியா?" என்றார். நான் கரண்டியோடு, "இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று அவரிடம் பாடம் கேட்டது அந்தத் தையல்காரர். ஞாபகம் இருக்கிறதா? தையல் மெஷின் மிதித்த காலோ என்னவோ, கிளட்ச்சை விடாமல் மிதிக்கிறார். "சார், இது மெஷின் இல்ல, ஒரு மிதி போதும். நீங்க இப்ப எனக்கு ஒரு சட்டை தெச்சிட்டீங்க" என்கிறார் உன் அண்ணன். நான் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். அழுகையும் வந்தது, மூக்கும் ஒழுகியது, எதைத் துடைப்பது என்று தெரியவில்லை.

அப்புறம் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். சாவி எப்படி, காலை எங்கே வைக்க, எப்போது எடுக்க. தூங்குற குழந்தை பக்கத்திலிருந்து எழுந்திரிக்கிற மாதிரி காலை எடுங்க சார் என்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது வாலு. ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், நான் கேட்டபோதெல்லாம் என்ன சொன்னார்? "பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுத்தா குடும்பம் ரெண்டாயிரும், நான் வேணும்னா கொண்டுபோய் விடுறேன்" என்றார். யாரோ தையல்காரருக்கு இத்தனை இனிப்பாகச் சொல்கிறார்.

ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். உறையை இழுத்துப் போட்டுவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அவர் சீட்டில் ஸ்பீக்கரை வைத்தேன். "இப்ப கிளட்ச்" என்றார். மிதித்தேன். "விடுங்க, மெதுவா" என்றார். விட்டேன். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. சாவி போடவில்லை. ஆனாலும் நான் ஓட்டிவிட்டேன்.

பிரேக்கு வந்து பார்த்துவிட்டுப் பேயறைந்தவர் மாதிரி நின்றார். "வண்டிய விக்கல. நான் கத்துக்கப் போறேன். நீங்க பக்கத்துல உக்காந்து உங்க வேலையப் பாருங்க. சொல்லிக்குடுக்க ஆள் இருக்கு" என்றேன். ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவன் செத்தும் என்னைய அசிஸ்டென்டாத்தான் வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு எனக்கு லைசென்ஸ் விண்ணப்பம் வாங்கப் போனார்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மிச்சத்தை வீட்டில் உட்கார்ந்து கேட்க மாட்டேன். ஓட்டின அளவுக்குத்தான் கேட்பேன். மொத்தமும் கேட்டுவிட்டால் அப்புறம் என்ன செய்வேன்? நீ முன்னாலேயே கேட்டு எதையும் சொல்லிவிடாதே.

அண்ணி


மார்ச் 27

அண்ணி! அண்ணி! அண்ணி!

இதுதான் படம். இதுதான். நான் இங்கே கட்டில் மேல் ஏறிக் குதித்ததில் கீழ் ரூம்காரி கட்டையால் மேல்கூரையைத் தட்டினாள்.

உங்கள் கண்டிஷன் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் சரி. பின் சீட்டில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்துகொள்கிறேன். வரட்டுமா?

வாலு


ஏப்ரல் 4

வாலு,

வா. கண்டிஷன் ஒன்றுதான். கண்ணாடியில் எதுவும் ஒட்டக் கூடாது. உன் கேமரா தெரிந்தால் தெரியட்டும், நீ தெரிந்தாலும் தெரியட்டும்.

வரும்போது உன் அழுக்குத் துணியை மூட்டையாகக் கொண்டு வராதே. போன தடவை மெஷின் அடைத்துக்கொண்டது.

அண்ணி


மே 2

வாலுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? உன் தலையில் கேமரா இடித்த வீக்கம் வடிந்ததா? பிரேக்கு தினம் கேட்கிறார். அவர் கேட்பது கேமராவைப் பற்றி என்று நினைக்கிறேன்.

ஃபாக்டரியில் நம் ரொட்டி வண்டிக் கதைதான் ஓடுகிறது. சாப்பாட்டு இடைவேளையில் என்னைச் சொல்ல வைக்கிறார்கள். சொல்லச் சொல்ல எனக்கே ருசி கூடுகிறது. நான் எவ்வளவு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தேன்! காலியான ரோடு. ஸ்பீக்கரில் இவர் திடீரென்று, "பிரேக்கு! பிரேக்கு! நாய்! நாய்!" என்று அலறுகிறார். அது தையல்காரர் முன்னால் போன வருடம் ஓடின நாய். எனக்கு அந்த நேரம் எங்கே தெரிகிறது? நான் ஒரு பிரேக்கை மிதித்தேன். தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று பக்கத்தில் இருந்தவர் கற்றுக்கொடுக்கிறவருக்கென்று இருக்கிற இன்னொரு பிரேக்கை மிதித்தார். வண்டி குத்துக்கல் மாதிரி நின்றது. நீ பின் சீட்டிலிருந்து உருண்டாய்.

பின்னால் வந்த ரொட்டி வண்டிக்காரன் மயிரிழையில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். வாயைத் திறக்கிறான், அதற்குள் ஸ்பீக்கரில் இவர் வேறு யாரையோ, "யோவ், நடு ரோட்டுல எருமையாட்டம் நிக்கிற, கண்ண எங்க வெச்சிருக்க?" என்கிறார். அவன் முகம் சிவந்துபோனது.

"யாரும்மா உள்ள? யாரு என்னைய எருமைன்னது?"

"என் வீட்டுக்காரருங்க."

"எறங்கச் சொல்லு அந்தாள!"

"எறங்க மாட்டாருங்க."

"எறங்க மாட்டானா? அவ்வளவு திமிரா?"

"ஆமாங்க. ரொம்பத் திமிரு."

இதை நான் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆனால் இதற்குப் பிறகு நடந்ததை அவர்களிடம் சொல்லவில்லை. உனக்கும் சொல்லவில்லை. போனில் சொன்னால் அழுவோம் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

பிரேக்கு அவனைச் சமாதானம் செய்ய இறங்கினார். என்ன ஆகிறது என்று பார்க்க நான் அவர் சீட்டுப் பக்கம் சாய்ந்து தலையைத் தூக்கினேன். டேப் பிசின் ஒட்டியிருக்கிற அந்தக் கண்ணாடி. அதில் நீ தெரிந்தாய். கேமராவைத் தவறவிடாமல் மார்போடு கட்டிக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் சிரித்துக்கொண்டிருந்தாய். மூக்கைச் சுருக்கினாய்.

வலது பக்கம்.

கண்ணும் அதேபோல் பாதி மூடியது. இத்தனை வருடம் சோறு போட்டேன், தலை வாரினேன், சண்டை போட்டேன். உனக்கும் அதே மூக்கு என்று கவனித்ததே இல்லை. அவர் இருந்தவரை உன்னிடம் தேட வேண்டிய அவசியம் இல்லையே. பிரேக்கு திரும்பி ஏறின பிறகு நான் நேராக உட்கார்ந்து வண்டியை எடுத்ததும், இடது பக்க சிக்னல் போட்டுவிட்டு வலது பக்கம் போனதும் அதனால்தான். பயத்தால் இல்லை.

உன் கேமரா அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்ததா?

அண்ணி


ஜூன் 5

அன்புள்ள அண்ணி,

ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று மூக்கைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். பக்கத்தில் பல் தேய்த்தவள் ஜலதோஷ மாத்திரை கொடுத்தாள்.

எடிட்டிங் அறை பெட்டி மாதிரி இருக்கும். ஜன்னல் கிடையாது, ஏசி மட்டும் உறுமும். மேடம் வந்து பின்னால் நின்று பார்த்தார். ரொட்டி வண்டிக்காரரிடம் நீங்கள் "ரொம்பத் திமிரு" என்ற இடத்தில் சிரித்தார், அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், "எல்லாம் சரி, ஆனா அந்த மிரர்ல நீயும் கேமராவும் தெரியுறீங்க. அந்த ஷாட்ட வெட்டு" என்றார்.

"வெட்ட மாட்டேன் மேடம்" என்றேன்.

"ஏன்?"

"அது எங்க அண்ணா."

மேடம் அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்று போய்விட்டார். போன வருடம் முகம் விழுந்த இடத்தையெல்லாம் வெட்டினவள் இந்த வருடம் மார்க் போனாலும் பரவாயில்லை என்று ஒரு முகத்தை வைத்துக்கொண்டேன் அண்ணி.

ஒரு குற்றமும் செய்துவிட்டேன். எடிட் செய்ய அண்ணா பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், பிறகு ஆசையாகக் கேட்டேன். நீங்கள் இன்னும் ஓட்டாத பகுதியையும் கேட்டுவிட்டேன். பாலம் தாண்டி, ஊர் எல்லைப் பக்கம் போகிற நேர் ரோடு. அங்கே தையல்காரர், "உங்க வீட்டம்மாவுக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா சார்?" என்று கேட்கிறார். அண்ணா பதில் சொல்கிறார். என்ன என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் போட்ட சட்டம்.

இருபத்தோராம் தேதி சாயங்காலம் கல்லூரி அரங்கத்தில் எல்லார் படமும் போடுகிறார்கள். நீங்கள் வராமல் நான் திரையைப் பார்க்க மாட்டேன். காலை பஸ்ஸில் கிளம்பினால் சரியாக இருக்கும். நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை முகம் இருக்கிறது.

வாலு


ஜூன் 21
பெட்ரோல் பங்க், ரோட்டோரம்

வாலுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுப்பேன். நேரில் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், அதனால் நின்ற இடத்தில் எழுதிவிடுகிறேன். பிரேக்கு டீ குடிக்கிறார். இவ்வளவு தூரம் அவர் கால் பிரேக்கை விட்டு இறங்கவே இல்லை.

பஸ்ஸில் வரவில்லை.

பாலம் தாண்டி நேர் ரோட்டில் ஏறினதும் ஸ்பீக்கரைப் போட்டேன். தையல்காரர் நீ சொன்னதைக் கேட்டார். வண்டிச் சத்தம் மட்டும் வந்தது. எனக்கு அந்தச் சத்தம் எது ஸ்பீக்கரில் வருகிறது, எது என் வண்டியில் வருகிறது என்று தெரியவில்லை. அப்புறம் உன் அண்ணன் சொன்னார்: "அவளுக்கா? சொல்லிக் குடுத்தா ஊரையே தாண்டிப் போயிருவா சார். அவ கைக்கு வண்டி வந்தா நிக்க மாட்டா. அப்புறம் நான் யாருக்காக வீட்டுக்குத் திரும்புறது?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினேன். இத்தனை வருடம் குடும்பம் ரெண்டாயிரும் என்று கதை விட்டுவிட்டு! பிரேக்கு பதறிப்போய், "நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார். "உங்களச் சொல்லலங்க" என்றேன். கொஞ்சம் வேகமாகவும் மிதித்துவிட்டேன்.

ஊர்ப் பலகைக்கு முன்னால் அவர், "ஓரமா நிறுத்துங்க சார். இன்னிக்கு இது போதும். ஹேண்ட் பிரேக் போடுங்க, சாவியக் குடுங்க" என்றார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அதோடு முடிந்தது. நானும் ஓரமாக நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். சாவியைக் கொடுக்க ஆள் இல்லை.

முடிகிற இடத்தை நினைத்துத்தான் நான் இத்தனை மாதமும் பயந்துகொண்டிருந்தேன். வந்தபோது என்ன தோன்றியது தெரியுமா? கண்ணாடியில் அந்த ரொட்டி வண்டிக்காரன் வருகிறானா என்று பார்த்துவிட்டு, சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தேன். பலகை பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. தாண்டிவிட்டேன் வாலு. அவர் சொன்னது சரிதான், நிற்க மனசு வரவில்லை. பெட்ரோல் காட்டுகிற முள் கீழே போனதால்தான் நின்றேன்.

கிளம்புகிறேன். அரங்கத்தில் பிரேக்குக்கும் ஓர் இடம் பிடித்து வை, கால் நீட்ட வசதியாக. எனக்கு எங்கே என்றாலும் சரி.

வண்டிக்கு மட்டும் நல்ல இடமாகப் பார். நேராக உள்ளே வந்து நேராக வெளியே போகிற மாதிரி இருக்க வேண்டும். உன் அண்ணன் அன்றைக்கு ரிவர்ஸ் பாடத்துக்குப் போகவே இல்லை.

அண்ணி